எல்லாரும் பூட்ஸைப் பார்த்த ஏலம்

தென் ஆஸ்திரேலியாவில் லமரூவிலிருந்து பின்னரூ வரை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்க்கிற இரும்புக் கொட்டகைகளில் பாதி நான் கட்டியவை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கடன் வாங்கிய சுத்தியலோடு தொழிலுக்கு வந்தவன் நான். பிறகு ஆள் வைத்து வேலை வாங்கினேன். காற்றடித்து எர்வின் க்ரோன் கட்டிய கொட்டகை சாய்ந்தது என்று இந்த மாலிக் கோதுமைச் சீமையில் இன்றுவரை ஒருவனும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது.

ஆனால் இது என்னைப் பற்றியதல்ல. என் தங்கை நோலாவைப் பற்றியது. அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் இல்லை என்பதால்தான் என் பெயர் நடுநடுவே வரும்.

நோலா பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். இங்கே நாற்பது வயதுக்கு உட்பட்ட எவனைக் கேட்டாலும், சின்ன வயதில் தான் அவள் பஸ்ஸில் வாந்தி எடுத்த கதை ஒன்று வைத்திருப்பான். எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் கண்ணு மிரட்டலா கொஞ்சலா என்பது அவள் கண்ணாடியில் பார்க்கிற பார்வையைப் பொறுத்தது. ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. மண்புயல் அடித்து முன்னால் போகிற மாடு தெரியாத நாளிலும் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுத்தான் போவாள். இழுவைப் பெட்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு பின்னோக்கி வண்டி ஓட்டுவதில் அவளுக்கு இணை இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை அவளிடம் சொன்னதில்லை.

அவள் புருஷன் லாய்டும் அவளும் ஓய்வு பெற்றதும், காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீட்டு வண்டியான கேரவன் ஒன்று வாங்கி, நல்லார்பர் சமவெளியைக் கடந்து மேற்கே போய்க் காட்டுப்பூக்களைப் பார்ப்பதாகத் திட்டம் வைத்திருந்தார்கள். லாய்டு ஓய்வு பெற்ற வருஷமே போய்ச் சேர்ந்தான். அவனுடைய லேண்ட் குரூசர் மட்டும் கொட்டகையில் நின்றது. அந்தக் கொட்டகையும் நான் கட்டியதுதான்.

நோலாவுக்கு ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் பண்ணையை விட்டுப் போனாலோ செத்துப் போனாலோ, வயல் நடுவில் ஏலம் போடுவார்கள். கலப்பை முதல் காப்பிக் கோப்பை வரை எல்லாவற்றையும் வரிசை வரிசையாகத் தரையில் பரப்பி வைப்பார்கள். ஏலக்காரன் கோலால் தட்டிக்கொண்டே வரிசையோடு நடப்பான், கூட்டம் பின்னால் நகரும். ஓரமாகச் சர்ச் பெண்கள் முட்டையும் பன்றிக்கறியும் வைத்த பன் விற்பார்கள். அந்தக் கடை நோலாவினுடையது. இடுக்கியை யார் கையிலும் கொடுக்க மாட்டாள்.

சொத்து பல பிள்ளைகளுக்குப் பங்கு என்றால், எல்லாம் ஏலத்துக்கு வந்துதான் தீர வேண்டும். அப்பாவின் நாற்காலி வேண்டுமென்றால் மகனும் மற்றவர்களோடு நின்று கை தூக்கத்தான் வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் சட்டத்துக்கு மேலே ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுப் பிள்ளை ஒரு சாமானுக்குக் கை தூக்கினால் வேறு எவனும் தூக்க மாட்டான். எல்லோரும் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்ப்பார்கள். ஏலக்காரன் கத்துவான், கெஞ்சுவான், கடைசியில் சுத்தியலைத் தட்டுவான். பிள்ளை தன் வீட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு போகும். யாரும் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை, ஏலத்தில் எடுத்தது. மானத்துக்குக் குறைவில்லை.

எந்தப் பொருள் யாருக்கு வேண்டும் என்று கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? நோலா சொல்லுவாள். பன்னைக் கையில் கொடுக்கும்போதே, "அந்தத் தையல் மெஷின் பேத்திக்கு வேணுமாம் கண்ணு. உனக்கு வெங்காயம் போடவா?" என்பாள். அவ்வளவுதான். முன்பொரு தடவை ஒரு நல்ல வெல்டிங் மெஷினுக்கு நான் கை தூக்கப் போனபோது, பின்னாலிருந்து இடுக்கியால் என் காதைப் பிடித்து இழுத்தவள் அவள்.

பிறகு பாதி ஏலங்கள் கம்ப்யூட்டருக்குள் போயின. அங்கே வயலும் இல்லை, பன்னும் இல்லை. படத்தைப் பார்க்கிறோம், தொகையை அழுத்துகிறோம், எதிராளி ஒரு வெறும் எண். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. டயரைக் காலால் உதைத்துப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை.

போன வருஷம் ஏப்ரலில், எங்கள் இலையுதிர் காலத்தில், விதைப்புக்கு முன்னால், நோலா என்னைக் கூப்பிட்டாள். சமையலறை மேஜையில் டேப்லெட்டை நிறுத்தி வைத்திருந்தாள். வடக்கே ஜேம்ஸ்டவுன் பக்கத்துப் பண்ணை ஒன்றின் ஏலம். கலப்பைகளுக்கும் ஆட்டுத் தொட்டிகளுக்கும் நடுவில் ஒரு கேரவன். பழையது, உள்ளே எல்லாம் மர வேலை. ஜன்னலில் பச்சைத் திரை.

"எப்படி இருக்கு எர்வ்?"

"படத்துல என் மூஞ்சிகூட நல்லாத்தான் இருக்கும்."

"இல்ல, அதுல ஒண்ணும் பண்ண முடியாது. நான் கேரவனைக் கேட்டேன்."

அடிச்சட்டத்தின் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். துரு இல்லை. மூலையில் நீர்க்கறை இல்லை. கவனமான மனுஷன் வைத்திருந்த வண்டி என்று பார்த்தவுடன் சொன்னேன். இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம், கண் வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏலம் முடிகிற நேரம். கடைசி நிமிஷத்தில் யாராவது தொகை போட்டால் நேரம் கொஞ்சம் நீளும், அது அந்தச் சாதனத்தின் விதி. ஒவ்வொருவராக விலகி, நோலாவும் இன்னொரு எண்ணும் மட்டும் மிஞ்சினார்கள். நோலா தொகை போடுவாள். மணி முடியப் போகிற நேரத்தில் அந்த எண் ஐம்பது டாலர் கூட்டும். நோலா போடுவாள். மறுபடி ஐம்பது. தேநீர் ஆறிப்போனது.

"யாருடா இவன், பல்லுல மாட்டின கறித் துணுக்கு மாதிரி!" என்றேன்.

"அவங்களுக்கும் ஆசை இருக்கும் இல்ல?" என்றாள் நோலா. "விட்டுறலாமா எர்வ்? பாவம், தயங்கித் தயங்கிப் போடுறாங்க."

இந்த இடத்தில் அவள் கையைத் திரையிலிருந்து எடுத்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பாவமா? கஞ்சப் பயல்! ஐம்பது ஐம்பதா ஏறுறவன்கிட்ட ஐநூறைத் தூக்கிப் போடு, பொத்திக்கிட்டுப் போயிடுவான். லாய்டு இருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

லாய்டின் பெயரை எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. வேலை செய்தது. ஐநூறைப் போட்டாள். மணி ஓடியது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திரையில் பச்சை எழுத்து வந்தது. நோலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். லாய்டின் தொப்பி இன்னும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது, அதைப் பார்த்துத் தலையாட்டினாள். நான்தான் ஜெயித்தது போல எனக்கு இருந்தது.

அடுத்த சனிக்கிழமை லாய்டின் வண்டியில் கேரவனை எடுக்கப் போனோம். தேன் கேக் ஒன்று சுட்டு எடுத்து வந்திருந்தாள். "செத்தவங்க வீட்டுக்கு வெறுங்கையோட போறதா?" என்றாள். வழியெல்லாம் நான் பேசினேன், அவள் ஓட்டினாள்.

பண்ணையில் பாதிச் சாமான் போயிருந்தது. ராட்னி என்று ஒருவன், செத்தவரின் மகன், கையில் போனை வைத்துக்கொண்டு எடுத்துப் போகிறவர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கேரவன் பக்கத்தில் அவன் அக்கா நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கவுன்சிலுக்காக மண்சாலை சீர் செய்கிற கிரேடர் ஓட்டுகிறவள், கழுத்தெல்லாம் வெயில் சுட்ட நிறம். கெர்ரின் என்று பெயர் சொன்னாள். கேரவனைக் கழுவித் துடைத்து, கண்ணாடியெல்லாம் மின்ன வைத்திருந்தாள்.

நோலா ஒரே வீச்சில் பின்னோக்கி வந்து, கொக்கிக்கு நேராக நிறுத்தினாள்.

"அம்மாடி!" என்றாள் கெர்ரின். "இப்படிப் பின்னால வர்ற ஆளை எங்கப்பாவுக்கு அப்புறம் இப்பத்தான் பாக்குறேன்."

"ஐம்பது பிள்ளைங்க பின்னால உக்காந்து சிரிச்சா உனக்கும் வந்திரும் கண்ணு."

கெர்ரின் உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்தப் பெண் காட்டிய விதம்தான் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. "இந்தக் கதவு இழுத்தா திறக்காது. கைப்பிடியை அமுக்கிக்கிட்டு இடுப்பால ஒரு இடி. இப்படி. அப்பாவோட இடிக்கும் அம்மாவோட இடிக்கும் சத்தம் வேற வேற. படுத்துக்கிட்டே யார் வர்றாங்கன்னு சொல்லிருவோம். குழாய் ரெண்டு தடவை முக்கும், திட்டக் கூடாது, அப்புறம்தான் தண்ணி வரும். இந்த மேஜையை மடிச்சா படுக்கை. நானும் ராட்னியும் தலைமாடு கால்மாடா படுப்போம். அறுவடை முடிஞ்சு ஜனவரியில வாலரூ கடற்கரைக்குப் போயிருவோம், வருஷா வருஷம் அதே மரத்தடி. போன ஜனவரியும் அப்பா தனியா போனார்."

நோலா தலையாட்டிக்கொண்டே வந்தாள். அவள் முகத்தில் ஏதோ மாறுவதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. கீழே இறங்கியதும், ராட்னியும் சாமான் எடுக்க வந்த இரண்டு மூன்று அக்கம்பக்கத்துக்காரர்களும் நிற்பதைப் பார்த்தேன். ஆட்கள் நின்றால் எனக்குச் சும்மா இருக்க வராது.

"இதை நாங்க எடுத்தது ஒரு கூத்து," என்று ஆரம்பித்தேன். "எவனோ ஒரு கஞ்சன் ஐம்பது ஐம்பதா ஏறிக்கிட்டு எங்க உயிரை வாங்கினான். நான்தான் சொன்னேன், ஐநூறைத் தூக்கி மூஞ்சில அடின்னு. அத்தோட வாலைச் சுருட்டினவன்தான்!"

சொல்லிவிட்டு நானே முதலில் சிரித்தேன். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

ராட்னி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவனும் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற கிழவனும் பார்த்தான்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. நோலாவுக்கு அது அச்சடித்த எழுத்துப் போலத் தெரிந்தது. வாழ்க்கை முழுவதும் அந்தக் குனிவை உண்டாக்கியவளே அவள்தானே.

"கண்ணு," என்றாள். "அந்த ஐம்பது ஐம்பது... நீயா?"

கெர்ரின் கொக்கியின் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கையில இருந்த வரைக்கும் போட்டேன். என்னைவிட உங்களுக்கு அது அதிகமா வேணும் போல. ஏலம்னா ஏலம்தான்."

"கழட்டு. கழட்டிரு கண்ணு. நாங்க இப்படியே திரும்பிப் போறோம். நீ கடைசியாப் போட்ட தொகைக்கே எடுத்துக்கோ."

கெர்ரின் அப்போதுதான் நிமிர்ந்தாள். "அது முடியாதுங்க. நீங்க கூடக் கொடுத்ததுல ராட்னிக்கும் பங்கு இருக்கு, அது அவன் கைக்குப் போயாச்சு. அந்த நஷ்டத்தை உங்க தலையில கட்டிட்டு நான் வண்டியைத் தள்ளிட்டுப் போகவா? இரக்கப்பட்டுக் கொடுத்ததை எங்க வீட்டுல யாரும் வாங்கினதில்ல. அப்பா குழியிலருந்து எந்திரிச்சு வந்துருவார்." பிறகு கொட்டகைக்குள் போய், இரும்பு வளையம் வைத்த நண்டு வலை ஒன்றைக் கொண்டுவந்து கேரவன் படுக்கையில் வைத்தாள். "இது இதோட சேர்ந்தது. இது இல்லாம வண்டிக்குக் கடலுக்கு வழி தெரியாது."

தேன் கேக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். வழியில் நோலா பேசவில்லை. நானும் பேசவில்லை என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை. மரே ஆற்றுப் பாலம் தாண்டினதும்தான் வாயைத் திறந்தேன்.

"சட்டப்படி எந்தத் தப்பும் இல்ல நோலா. வெறும் எண்ணுக்கு மூஞ்சி ஏது? எப்படித் தெரியும்?"

"தயங்கித் தயங்கிப் போட்டாங்க எர்வ். வயல்ல அப்படி ஒருத்தர் தயங்கினா நான் திரும்பி மூஞ்சியைப் பார்த்திருப்பேன். யாருன்னு விசாரிச்சிருப்பேன். எனக்குத் தோணுச்சு. தோணியும் அழுத்தினேன்."

அழுத்தச் சொன்னது நான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கேரவனை வீட்டுக்குப் பின்னால், சமையலறை ஜன்னலிலிருந்து தெரியாத இடத்தில் நிறுத்தினாள். சர்ச்சில் எல்லோரும் கேட்டார்கள். "எப்போ கிளம்பறே?" "கேஸ் அடுப்புல ஏதோ கோளாறு," என்பாள். அடுத்த மாதம் டயர் என்பாள். மழை வரட்டும் என்பாள். அந்த வருஷம் மழையே வரவில்லை. மேற்கே பூக்கிற காலம் வந்தது. பூக்களின் படம் டீவியில் வந்தபோது எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

நான் சும்மா உட்காருகிறவன் இல்லை. என் தங்கை போகாமல் இருக்கிறாள் என்றால் வண்டியில் குறை என்று வைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவள் சர்ச்சுக்குப் போயிருந்த ஒரு காலையில் இழைப்புளியை எடுத்துப் போய் அந்தக் கதவைக் கழற்றி இழைத்தேன். கீலை நிமிர்த்தினேன். ஒரு விரலால் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போவதுபோலத் திறந்தது. என் கை வேலை அப்படி. நோலா வந்ததும் கூட்டிப்போய்க் காட்டினேன்.

தள்ளிப் பார்த்தாள். மறுபடி தள்ளிப் பார்த்தாள்.

"உன்னை யாரு கேட்டா?"

"என்னடி இது, நன்றிகூடச் சொல்லாம..."

"உன்னை யாரு கேட்டா எர்வ்?" என்று மறுபடி சொன்னாள். கீழே விழுந்திருந்த மரச்சுருள்களைக் குனிந்து பொறுக்கினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த வசந்தத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வயல் ஏலம் நடந்தது. செத்தவர் கொல்லர். அவர் இரும்பு வைத்து அடித்த பட்டறைக் கல்லைப் பேரன் ஒருவன் ஆசைப்பட்டு வந்திருந்தான். நோலாவுக்குத் தெரியும். கடையில்தான் நின்றாள். பன் கொடுத்தாள், வெங்காயம் போடவா என்று கேட்டாள், வேறு எதுவும் சொல்லவில்லை. கல்லை மரே பிரிட்ஜ் என்கிற ஊரிலிருந்து வந்த ஒருவன் எடுத்துப் போனான். பேரன் வெறும் கையோடு காரில் ஏறினான்.

நான் கடைக்குப் பின்னால் போனேன். "ஏன் சொல்லல? உனக்கு என்ன ஆச்சு?"

அவள் இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எந்த வாயால சொல்றது? நான் ஒருத்தி வீட்டு வண்டியைக் கொண்டுவந்து பின்வாசல்ல மறைச்சு வெச்சிருக்கேன். மத்தவங்களைப் பூட்ஸைப் பாருங்கன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?"

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கேரவன் போனால் போகிறது. நோலாவிடமிருந்து நோலாவே போய்க்கொண்டிருந்தாள். அந்த வழக்கம் இந்த ஊரில் அவள் நாக்கில்தான் உயிரோடு இருந்தது.

அறுவடை முடிந்ததும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் ஏலங்களில் அக்கம்பக்கத்துக்காரர்களும் தங்கள் சாமான் ஒன்றிரண்டை ஓரத்தில் வைத்து விற்கலாம். ஏலக்காரன் டூலியிடம் போய்க் கேரவனைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். குறைந்தபட்ச விலை எதுவும் வேண்டாம் என்றும் சொன்னாள்.

"நோலா, வெயில் தலைக்கு ஏறிருச்சா?" என்றான் டூலி. "வயல்ல இது பாதிக்குக்கூடப் போகாது."

"போகாதுன்னுதான் கொண்டுவரேன்."

பிறகு ஜேம்ஸ்டவுனுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். "கண்ணு, நான் அந்த வண்டியை வயல் ஏலத்துல விக்கறேன். எனக்கு ஒத்து வரல. வேத்து ஆளு சொல்லி உனக்குத் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு தோணுச்சு." கெர்ரின், "எந்தச் சனிக்கிழமை?" என்று மட்டும் கேட்டாள்.

போனை வைத்ததும் நான் கத்தினேன். லாய்டு சேர்த்த காசு என்றேன், பைத்தியக்காரத்தனம் என்றேன், நஷ்டத்தில் விற்பவனைப் பார்த்து நான் வாழ்க்கை முழுக்கச் சிரித்திருக்கிறேன் என்றேன்.

"சிரி," என்றாள். "ஆனா அன்னைக்கு உன் கை ரெண்டும் பாக்கெட்ல இருக்கணும்."

ஏலத்தன்று காலையிலிருந்து ஒரு பன்னும் பேச்சில்லாமல் அவள் கையை விட்டுப் போகவில்லை. "அந்தக் கேரவன் இருக்கில்ல கண்ணு, அது அந்த வெயில்ல கறுத்த பொண்ணு வீட்டுது. அவங்கப்பாவோடது. வெங்காயம்?" யாரும் காரணம் கேட்கவில்லை. விற்கிறவளே நீதானே என்றும் கேட்கவில்லை. நோலா வாய் திறந்துவிட்டாள் என்பதே போதுமாக இருந்தது. பட்டறைக் கல்லை இழந்த பேரனும் வந்திருந்தான். அவனிடம் சொல்லும்போது மட்டும் அவள் கண் பன்னிலேயே இருந்தது.

வரிசை முடிந்து டூலி கேரவனுக்கு வந்தான். கெர்ரின் கூட்டத்தின் விளிம்பில் நின்றாள். டூலி ஒரு நியாயமான தொகையில் ஆரம்பித்து, யாரும் அசையாததால் இறங்கிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் கெர்ரின் மெதுவாகக் கை தூக்கினாள்.

நூறு தலைகள் ஒன்றாகக் குனிந்தன. எத்தனையோ ஏலம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு குனிவைப் பார்த்ததில்லை.

"வேற யாரு? வாங்கப்பா, உள்ளே எல்லாம் மரம்! என் பொண்டாட்டியைவிட நல்லாப் பராமரிச்ச வண்டி!" என்று டூலி தன் கடமைக்குக் கத்தினான். சுத்தியலை ஓங்கினான்.

"இங்கே!" என்றது ஒரு குரல்.

புதுத் தொப்பி, தூசி படாத சட்டை. அடிலெய்டிலிருந்து பழைய கேரவன்களை வாங்கி விற்கிறவன். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான், பன் வாங்கியிருக்கவில்லை. கெர்ரின் ஐம்பது கூட்டினாள். அவன் யோசிக்காமல் நூறு கூட்டினான். எல்லோரும் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு எங்கள் ஊர்க்காரனாக இருந்தால் மண்ணுக்குள் போயிருப்பான். அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டான்.

கெர்ரின் மறுபடி ஐம்பது கூட்டினாள். தயங்கித் தயங்கித்தான். நான் முதல் தடவையாக அந்த ஐம்பதை ஒரு முகத்தோடு பார்த்தேன். உதட்டைக் கடித்திருந்தாள். கடைக்குப் பக்கத்தில் நோலா இடுக்கியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்னை மட்டும்தான் பார்த்தாள்.

நான் புதுத் தொப்பிக்காரன் பக்கத்தில் போய் நின்றேன். ஊருக்கே கேட்கிற குரல் எனக்கு.

"தம்பி, நல்லா யோசிச்சுக்கோ. அந்தக் கதவைச் சரி பண்ணினவன் யாருன்னு தெரியுமா? நான்தான். முதல் மண்சாலையிலயே கழண்டு விழும்."

"பாத்தா நல்லா இருக்கே?"

"பாத்தா நல்லாத்தான் இருக்கும். என் வேலையெல்லாம் அப்படித்தான். பாக்க நல்லா இருக்கும், காத்தடிச்சா நிக்காது. அடிச்சட்டத்துலயும் கை வெச்சிருக்கேன். இங்கே யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

என் கொட்டகைக்குள் டிராக்டர் வைத்திருக்கிற முப்பது பேராவது அங்கே நின்றார்கள். ஒருவன் வாய் விட்டு, "ஆமாங்க, மோசம்!" என்றான். இன்னொருவன், "என் கொட்டகை தினமும் ஆடுதுங்க!" என்றான். "க்ரோன் தொட்டதை எங்க கோழிகூட நம்பாது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாய்ப் பயல்கள், ரொம்ப நாளாகக் காத்திருந்தது போல இருந்தது. நான் பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றதில்லை.

தொப்பிக்காரன் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கீழே இறக்கினான். டூலி மூச்சு விடாமல் சுத்தியலைத் தட்டினான்.

கெர்ரின் நேராகக் கடைக்கு வந்து ஒரு பன் கேட்டாள். காசை எண்ணி வைத்தாள், நோலா மறுக்காமல் வாங்கிப் போட்டாள்.

"எல்லாரும் பூட்ஸைப் பாத்தாங்களே," என்றாள் கெர்ரின்.

"சேறு ஒட்டியிருக்கும் கண்ணு."

"இந்த வருஷம் மழையே இல்லையே."

"அதான், எங்கேருந்து ஒட்டுச்சுன்னு பாத்தாங்க. வெங்காயம் போடவா?"

கெர்ரின் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, பன்னைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். நோலா பக்கத்தில் வந்து நின்றாள், தொடவில்லை.

வண்டியைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தோம். நண்டு வலை படுக்கைமேல் அதே இடத்தில், தண்ணீர் படாமல் இருந்தது. கிளம்புமுன் உள்ளே ஒரு தடவை பார்க்கிறேன் என்று கெர்ரின் கைப்பிடியை அமுக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தாள்.

கதவில் எதிர்ப்பே இல்லை. உள்ளே போய் விழப் பார்த்தாள். மேஜையைப் பிடித்துச் சமாளித்து நின்றாள். பிறகு வெளியே வந்து கதவை மூடி, ஒரு விரலால் தள்ளினாள். சத்தமில்லாமல் திறந்தது. கீலை விரலால் தடவிப் பார்த்தாள்.

நான் பக்கத்தில் போனேன். "வேணும்னா... ஒரு மரச்சட்டம் வெச்சு மறுபடி இறுக்கிக் கொடுக்கட்டுமா?"

"விடுங்க," என்றாள். "கடல் காத்துப் பட்டா மரம் ஊதிப் பழையபடி இறுகிக்கும்."

அவள் போன பிறகு ஊர் என்னை விடவில்லை. இன்றைக்கும் நான் பாருக்குள் நுழைந்தால், கூரை விழப்போகிறது என்று எவனாவது தலையில் கை வைப்பான். பரவாயில்லை. கொட்டகைகள் நிற்கின்றன, போய்ப் பார்க்கலாம். நோலா மேற்கே போகவில்லை. மிச்சக் காசுக்கு ஒரு கூடாரம் வரும் என்கிறாள், பார்க்கலாம் என்கிறாள். ஏலங்களில் மறுபடி வாய் திறக்கிறாள்.

இந்த ஜனவரியில், அனல் காற்று அடித்த ஒரு மத்தியானம், என் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள். "இப்போ வாலரூல இருப்பா. கதவு ஊதியிருக்குமா எர்வ்?"

மர விஷயத்தில் அதுவரை நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. எவ்வளவு இழைத்தேன் என்பது என் கைக்குத் தெரியும், எந்தக் கடல் காற்றும் அதை நிரப்பாது.

"ஊதியிருக்கும்," என்றேன்.